மதுரைக் கருவிழிப்புண் ஆய்வுகளும் அவற்றின் மேற்கோள் தாக்கமும்

மதுரைக் கருவிழிப்புண் ஆய்வுகள் என்பன, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த கருவிழி மருத்துவர் மு. சீனிவாசனும் அவருடன் பணியாற்றியோரும் 1990களிலிருந்து வெளியிட்ட மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளாகும். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ கலிபோர்னியா பல்கலைக்கழகத்தினர் இவற்றில் கூட்டாளிகளாவர். கருவிழிப்புண் குறித்த உலக இலக்கியத்தில் இவை தொடர்ந்து மேற்கோள் காட்டப்படுகின்றன.

பின்னணி

மதுரைக்குத் தெற்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அருப்புக்கோட்டையும், அதன் கிழக்கே குண்டாற்றங்கரையிலுள்ள திருச்சுழியும் மானாவாரி நிலப்பகுதிகள். கம்பு, சோளம், பருத்தி, உளுந்து ஆகியவை இங்கு விளைகின்றன. தரிசுகளைச் சீமைக்கருவேலம் மூடியுள்ளது. கதிரடிக்கும்போது தெறிக்கும் உமியோ, விறகு வெட்டும்போது கீறும் முள்ளோ கருவிழியில் சிறு சிராய்ப்பை உண்டாக்குகிறது. அதன் வழியே பாக்டீரியாவோ பூஞ்சையோ நுழைந்தால் புண்ணாகி, ஆறிய பின்னும் வெண்தழும்பு நிற்கிறது. "கண்ணில் பூ விழுந்தது" என்று மக்கள் கூறுவது பெரும்பாலும் இதனையே. அரவிந்த் மருத்துவமனையை 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய கோ. வெங்கடசாமியும் இக்கரிசல் நிலத்தவரே. எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரம் அவரது ஊர்.

முக்கிய வெளியீடுகள்

1993ஆம் ஆண்டுத் தரவுகளைக் கொண்டு 1996இல் வெளியான கட்டுரை, மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப்புண் ஏற்படுவதாகக் கணக்கிட்டது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து மாவட்டம் ஒன்றில் கண்ட அளவைப்போல் இது ஏறத்தாழ பத்து மடங்கு. (இக்கணக்கு மதுரை மாவட்டத்திற்கு உரியது. திருச்சுழிக்கும் அதே அளவு பொருந்தும் என்பது ஊகமே, நியாயமான ஊகமாயினும்.)

1997இல் பிரிட்டிஷ் கண் மருத்துவ இதழில் சீனிவாசனை முதல் ஆசிரியராகக் கொண்டு வெளிவந்த கட்டுரை, 1994 சனவரி முதல் மார்ச் வரையிலான மூன்று மாதங்களில் வந்த 434 நோயாளிகளை ஆராய்ந்தது. அவர்களுள் 284 பேருக்கு முன்னதாகக் கண்ணில் காயம் பட்டிருந்தது. கிருமி வளர்ந்த 297 மாதிரிகளில் 139இல் பூஞ்சை மட்டும், 140இல் பாக்டீரியா மட்டும், 15இல் இரண்டும் இருந்தன. பூஞ்சைகளுள் பியூசேரியம் முதலிடம் பெற்றது.

இவ்வெண்களை அமெரிக்க நிகழ்வு ஒன்றோடு ஒப்பிடுவது பயனுள்ளது. 2005-2006இல் அங்கு தொடுவில்லை அணிவோரிடையே பியூசேரியம் தொற்று பரவியது. 164 பேருக்கு உறுதி செய்யப்பட்டது, தொடர்புடைய வில்லைக் கழுவுநீர் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது, உலகச் செய்தியாயிற்று. பூஞ்சை வகைகள் அனைத்தையும் சேர்த்தால், மதுரையில் ஒரே மருத்துவமனையில் மூன்றே மாதங்களில் கண்டவர்கள் 154 பேர். அது செய்தியாகவில்லை.

பின்னர் மருந்துச் சோதனைகள் நடந்தன. 500 நோயாளிகளைக் கொண்ட ஸ்டீராய்டு சோதனையின் முடிவு 2012இல் வெளியாயிற்று. பாக்டீரியப் புண்களில் ஸ்டீராய்டு சொட்டுமருந்தால் பொதுவாகக் கூடுதல் பயனில்லை என்று அது காட்டியது. 2013இல் வெங்கடேஷ் பிரஜ்னா முதல் ஆசிரியராக வெளியிட்ட சோதனை, 323 பூஞ்சைப்புண் நோயாளிகளிடம் பழைய மருந்தான நாட்டமைசினைப் புதிய வோரிகோனசோலுடன் ஒப்பிட்டது. பழையதே வென்றது, குறிப்பாகப் பியூசேரியம் புண்களில்.

மேற்கோள் தாக்கமும் அதன் எல்லையும்

ஓர் ஆய்வாளரின் h கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது h முறை மேற்கோள் பெற்றிருப்பின் அந்த h என்னும் எண்ணே அவரது எச்-சுட்டெண் ஆகும். இதனை 2005இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் முன்மொழிந்தார். கூகுள் ஸ்காலரும் ஸ்கோபசும் ஒரே ஆய்வாளருக்கு வெவ்வேறு எண்களைத் தருவது இயல்பு. அவை எண்ணும் இதழ்கள் வேறு. 2016 முதல் வெளியாகும் இந்தியாவின் தேசியத் தரவரிசையிலும் மேற்கோள்கள் கணக்கில் கொள்ளப்படுகின்றன.

இவ்வளவுகோலில் இரு குறைகள் மதுரை ஆய்வுகளில் தெளிவாகப் புலப்படும். முதலாவது, அறிமுகப் பத்தியில் "வளரும் நாடுகளில் இது அதிகம்" என்று போகிற போக்கில் காட்டும் மேற்கோளும், சிகிச்சையையே மாற்றும் மேற்கோளும் ஒன்றெனவே எண்ணப்படுகின்றன. இரண்டாவது, ஆய்வுக்கு வெளியே நிகழும் பயன் எண்ணப்படுவதே இல்லை. 2017இல் உலக சுகாதார நிறுவனம் தனது இன்றியமையா மருந்துப் பட்டியலில் நாட்டமைசினைச் சேர்த்தது. ஏழை நாட்டு அரசுகள் மருந்து வாங்கும்போது பார்க்கும் பட்டியல் அது. ஆயினும் எந்தச் சுட்டெண்ணிலும் இது ஓர் அலகும் கூட்டாது. இதழின் தாக்கக் காரணியைக் கொண்டு தனி ஆய்வாளரை மதிப்பிடலாகாது என்று 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான அறிக்கை வலியுறுத்தியதும் இத்தகைய காரணங்களாலேயே.

தடுப்பு ஆய்வுகள்

சிராய்ப்பு ஏற்பட்ட உடனே களிம்பிட்டால் புண் வராமற் தடுக்கலாமா என்பதே கரிசல் உழவருக்கு முதன்மையான கேள்வி. மதுரை மாவட்டக் கிராமங்களில் தன்னார்வலரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2006இல் வெளியானது. களிம்பிடப்பட்ட சிராய்ப்புகளில் மிகப் பெரும்பாலானவை சிக்கலின்றி ஆறின. ஆனால் நேபாளத்தில் ஊர் ஊராகப் பிரித்து நடத்திய பெரிய சோதனை 2022இல் வெளிவந்தபோது, கண் பணியாளர் இருந்த ஊர்களில் கருவிழிப்புண் குறையவில்லை எனக் கண்டது. நம்பிக்கையளித்த முந்தைய ஆய்வுகளை மேற்கோள் காட்டுவோர் இதனையும் சேர்த்துக் காட்டவேண்டும்.