துறைக்கு வாராத மருத்துவம்

பழவேற்காட்டு ஏரியில் வலை வைக்கும் மீனவனுக்குப் பகலும் இரவும் பொழுதுகாட்டிகள் அல்ல. கழிமுகத்தின் வழியே கடல்நீர் ஏறுவதும் வற்றுவதுமே அவனுக்குப் பொழுது. நீரோட்டம் வாய்க்குமாயின் நள்ளிரவிலும் அவன் ஏரியில் நிற்பான். ஊர் விழித்திருக்கும் வேளையில் உறங்குவான். அன்றேல் பிடித்த மீனை விற்கத் துறையில் நிற்பான். அத்தகையவன் வீட்டுக் கதவை நலத்தொண்டர் முற்பகலில் வந்து தட்டினால் திறப்பவர் யார்? அவன் தாயோ மனைவியோதாம்.

2021 ஆகத்துத் திங்கள் 5ஆம் நாள், கிருட்டிணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தைத் தமிழ்நாட்டரசு தொடங்கிற்று. குருதியழுத்தத்தையும் நீரிழிவையும் வீட்டிலேயே ஆய்ந்து, வில்லைகளையும் வீட்டிற்கே கொண்டு தரும் அத்திட்டம் பாராட்டத் தக்கதே. ஆயினும் ‘வீடு’ என்பதிலேயே ஒரு குறை ஒளிந்து கிடந்தது. உழைக்கும் ஆடவனை வீட்டில் காண்பது அரிது. 2024இல் தொழிற்கூடங்களுக்கும் அவ்வாய்வு விரிவாக்கப்பட்டது. நன்று! ஆனால், சுவரும் வாயிற்காவலும் வருகைப் பதிவேடும் உள்ள இடமே தொழிற்கூடம் எனில், சுவரில்லாத ஏரி எந்தக் கணக்கில் சேரும்?

‘ஆடவர் தம் உடலைப் பேணார், சொன்னாலும் கேளார்’ என்று படித்தோர் எளிதிற் கூறிவிடுகின்றனர். அதில் உண்மை இல்லாமலில்லை. 2016-20ஆம் ஆண்டுகளின் கணக்குப்படி, இந்தியாவில் பிறக்கும் ஆண்மகவு வாழக்கூடுமென எதிர்நோக்கப்படும் வாழ்நாள் 68.6 ஆண்டு, பெண்மகவுக்கு 71.4 ஆண்டு. 2022இல் இந்தியாவில் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்ட 1,70,924 பேருள் 1,22,724 பேர் ஆடவர். ‘கல்லைத் தின்றாலும் செரிக்கும் உடம்பு’ என்னும் செருக்கும், வலியை வெளியே சொல்வது ஆண்மைக்கு இழுக்கு என்னும் மடமையும் இக்கொடுமையில் பங்குடையனவே.

எனினும் பழி முழுவதையும் ஆடவன்மேற் சுமத்துவது முறையன்று. அவன் ஐயத்திற்கு வரலாறும் உண்டு. நெருக்கடிநிலையின்போது, 1976-77 ஓராண்டில் மட்டும் ஏறத்தாழ 62 இலக்கம் ஆடவர்க்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. வடபுலத்தே அது வன்முறையாகவே நடந்தேறியது. ஆடவனைத் தேடி அரசு வந்த நாளில் அவன் நலத்தை நாடி வரவில்லை. எண்ணிக்கையை நாடியே வந்தது. அந்நினைவு எளிதில் அழியுமா?

பழவேற்காட்டில் ‘பாடு’ என்னும் முறை வழிவழியாக உண்டு. இறால் மிகும் நீரிடங்களை மீனவர் தமக்குள் முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்வர். தன் முறைநாளை இழந்தவன் மறுமுறை வரும்வரை காத்திருத்தல் வேண்டும். அந்நாள் பார்த்து மருத்துவக்குழு ஊருக்குள் அமர்ந்துவிட்டு, ‘ஆடவர் வரவில்லை’ என்று பதிவேட்டில் எழுதிச் சென்றால் அது யார் குற்றம்? பாட்டுரிமையே இல்லாது, ஏரியின் சேற்றிற் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் நிலையோ இன்னும் இரங்கத் தக்கது. அவர்க்கு ஒருநாள் தொழில் இழப்பென்பது ஒருநாள் உணவிழப்பு.

அடுத்தது மொழி. ‘பீப்பி’ என்றும் ‘சுகர்’ என்றும் மருத்துவர் கூறும் சொற்கள் நோயாளிக்கு எதனை உணர்த்தும்? ‘இரத்தக் கொதிப்பு’ எனும் வழக்கோ அதனினும் தீங்கானது. சினமும் சூடும் இல்லாதவன், ‘என் குருதி கொதிக்கவில்லையே’ என்று வில்லையை நிறுத்திவிடுகின்றான். குருதியழுத்தமோ பெரும்பாலும் யாதோர் அறிகுறியுமின்றி உள்ளே வளர்ந்து, ஒருநாள் கைகாலை வீழ்த்துவது. ‘குருதியழுத்தம்’ என்று சொல்லி விளக்கினால் நோயின் இயல்பு சொல்லிலேயே விளங்கும். திருக்குறளின் 95ஆம் அதிகாரத்தில் மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் நோயாளியையே வள்ளுவர் முதற்கண் வைத்தார். அவனுக்கு விளங்காத மொழியில் நடக்கும் மருத்துவம் தன் முதற்கூற்றையே இழந்ததன்றோ?

இவை ஒருபுறமிருக்க, சாராயக் கடைகளால் அரசுக்கு 2024-25இல் வந்த வருவாய் 48,344 கோடி உருவா. கல்லீரலைக் கெடுக்கும் கடையையும் நடத்தி, அக்கேட்டினை ஆய்ந்தறியும் கருவியையும் அனுப்பினால், மக்கள் எக்கையை நம்புவர்?

ஆடவர்க்கெனத் தனி நலக்கொள்கையை அயர்லாந்து 2008-13 காலத்திற்கே வகுத்தது. இங்கிலாந்து, பொதுமக்களின் கருத்தைக் கேட்டபின், 2025 நவம்பர் 19ஆம் நாள் தன் திட்டத்தை வெளியிட்டது. அயலார் செய்ததை அப்படியே பெயர்த்து நடுதல் வேண்டா. ஆனால் ‘கேட்டபின் வகுத்தல்’ என்னும் நெறி கொள்ளத் தக்கது. பழவேற்காட்டு மீனவனையும் இருளனையும் கேட்டு வகுக்கும் திட்டமே பழவேற்காட்டில் நிலைக்கும்.

ஆகவே, பாட்டுமுறை அறிந்த ஊர்ப்பெரியோரைக் கலந்து நாள் குறிக்க! மீன் இறங்கும் துறையிலேயே, படகு கரையேறும் வேளையில் மருத்துவக்குழு நிற்க! நோயின் பெயரையும் வில்லை உண்ணும் முறையையும் நல்ல தமிழில் எழுதித் தருக! சாராயக் கடைகளை மூடுக!

ஆடவரும் ஒன்றை எண்ணுதல் வேண்டும். வலையில் ஒரு கண் அறுந்தாலும் அன்றே அமர்ந்து முடைபவன் மீனவன். அறுந்த வலையோடு ஏரிக்குச் செல்ல ஒப்பான். தன்னை நம்பி ஒரு குடும்பமே கரையில் காத்திருக்கையில், தன் உடம்பை மட்டும் அவன் அறுந்தபடி விட்டுவைத்தல் தகுமா?