கேள்வி–பதில்: கதவு நின்றால் கூரை நிற்கும்

கேள்வி: அமிர்தியில், மலையடிவாரத்தில் இரண்டரை ஏக்கர் நிலம் இருக்கிறது. பவர் டில்லர், தெளிப்பான், சாமை, கேழ்வரகு மூட்டைகள் வைப்பதற்காக 20 அடிக்கு 15 அடி அளவில் தகரக் கொட்டகை போட்டிருக்கிறேன். முன்பக்கம் பத்தடி அகலம், எட்டடி உயரத்தில் இரட்டைத் தகரக் கதவு. போன கோடையில் அடித்த சூறைக்காற்றில் கதவு பிய்ந்தது. அதன் பின்னாலேயே கூரைத் தகடுகளும் போய்விட்டன. இப்போது ரோலிங் ஷட்டர் போடச் சொல்கிறார்கள். அது புயல் காற்றைத் தாங்குமா? அல்லது கதவையே பலப்படுத்தலாமா?
– வாசகர், அமிர்தி

பதில்: ஷட்டரா, கதவா என்பது அடுத்த கேள்வி. முதலில் உங்கள் கடிதத்திலேயே இருக்கும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கதவு போன 'பின்னாலேயே' கூரை போனதாக எழுதியிருக்கிறீர்கள். அது தற்செயலாக நடந்ததல்ல.

பலத்த காற்று கூரைக்கு மேலே ஓடும்போது தகட்டை மேல்நோக்கி இழுக்கும். கதவு மூடியிருக்கும்வரை அந்த இழுவை ஒன்றைத்தான் ஆணியும் கொக்கியும் தாங்க வேண்டும். கதவு பிய்ந்தால் காற்று உள்ளே புகுந்து, வெளியேற வழியில்லாமல் கூரையைக் கீழிருந்தும் தள்ளும். குடைக்குள் காற்று புகுந்தால் குடை என்ன ஆகிறதோ, அதேதான் கொட்டகைக்கும் ஆகிறது.

கட்டடங்களின் மீது காற்றின் விசையைக் கணக்கிட ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. சுவரில் திறப்புகள் 5 சதவீதத்துக்குள் இருந்தால், உள்ளழுத்தத்தைக் காற்றழுத்தத்தில் 0.2 பங்கு என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. திறப்பு 20 சதவீதத்தைத் தாண்டினால் 0.7 பங்கு. அதாவது மூன்றரை மடங்கு. உங்கள் பத்தடிக் கதவு பிய்ந்தால், முன்சுவரில் ஏறக்குறைய பாதி திறந்துவிடும்.

அமெரிக்காவில் இந்தப் பாடத்தை 1992-ல் படித்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் 24-ம் தேதி தெற்கு ஃபுளோரிடாவை ஆண்ட்ரூ புயல் தாக்கியது. பிறகு வீடுகளை ஆராய்ந்த பொறியாளர்கள், பல இடங்களில் கார் நிறுத்தும் அறையின் அகலமான கதவு முதலில் உடைந்ததையும், அந்த வழியாகப் புகுந்த காற்று கூரையைத் தூக்கியதையும் கண்டார்கள். அதன் பிறகு மயாமி பகுதியில் கட்டட விதிகளைக் கடுமையாக்கி, காற்றழுத்தச் சோதனையில் தேறிய கதவுகளையே பொருத்த வேண்டும் என்றார்கள். அங்கே கார் கொட்டகை, நம்மிடம் டிராக்டர் கொட்டகை. காற்று இரண்டையும் ஒரே விதமாகத்தான் பிரிக்கும்.

கதவின் மீது எவ்வளவு பாரம்?

உங்கள் கதவின் பரப்பு 80 சதுர அடி. மணிக்கு 70 கிலோமீட்டர் வேகக் காற்று நேராக மோதினால், கதவு முழுவதிலும் சேர்ந்து சுமார் 170 கிலோ பாரம் விழும். வேகம் 140 கிலோமீட்டர் ஆனால் பாரம் இரண்டு மடங்கு ஆகாது. நான்கு மடங்காகி, 690 கிலோவை நெருங்கும். இரண்டு கறவை மாடுகள் ஒரே நேரத்தில் கதவில் சாய்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். அத்தனை பாரத்தையும் நான்கைந்து கீல்களும் ஒரு தாழ்ப்பாளும்தான் தாங்க வேண்டும்.

"கடலோரப் புயல் இங்கே எங்கே வரப்போகிறது?" என்று அலட்சியமாக இருக்க வேண்டாம். தரநிலைப்படி சென்னைக்கும் புதுச்சேரிக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். பெங்களூருக்கு 33 மீட்டர். ஜவ்வாது மலை இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. புயல் நிலத்தில் ஏறியதும் வலுவிழக்கும் என்பது உண்மைதான். ஆனால் மலைச்சரிவிலும் முகட்டிலும் காற்றின் வேகம் கூடும். இதற்காக 36 சதவீதம் வரை வேகத்தைக் கூட்டிக் கணக்கிட அதே தரநிலை சொல்கிறது. அப்படிக் கூடினால் பாரம் 85 சதவீதம் ஏறும். அடிவாரத்தைவிட மேட்டில் கொட்டகை போட்டவர்களுக்கு இது முக்கியம்.

இன்னொன்று. புயல் வருவதற்கு முன் எச்சரிக்கை வரும். சித்திரை, வைகாசியில் இடியோடு வரும் சூறைக்காற்று சொல்லிக்கொண்டு வராது. எனவே புயலன்று மட்டும் மாட்டும் ஏற்பாட்டை நம்பாமல், கதவு தினமும் பலமாக இருக்க வேண்டும்.

இருக்கும் கதவைப் பலப்படுத்த

பத்தடி அகலத்துக்கு இதுதான் செலவு குறைந்த வழி. உங்களுக்கு என் முதல் ஆலோசனையும் இதுவே.

ஒன்று, நிலைச்சட்டம். பெரும்பாலும் தகடு கிழிவதற்கு முன் சட்டம் சுவரிலிருந்து கழன்றுவிடும். ஹாலோ பிளாக் சுவரின் வெற்றிடத்தில் அடித்த போல்ட் பிடிக்காது. சட்டம் பொருந்தும் இடத்தில் இருபுறமும் கம்பி கட்டி கான்கிரீட் தூண் எழுப்புங்கள். அல்லது அந்த வரிசைக் கற்களின் ஓட்டைகளில் கம்பி இறக்கி கான்கிரீட் நிரப்புங்கள். அதில் இரண்டரை அடிக்கு ஒன்று வீதம் ஆங்கர் போல்ட் போட்டுச் சட்டத்தை முடுக்குங்கள்.

இரண்டு, கதவின் எலும்பு. வெறும் தகட்டுக்குப் பின்னால் சதுரக் குழாயில் சட்டம் கட்டி, ஒவ்வொரு கதவிலும் குறைந்தது மூன்று குறுக்குக் கம்பிகளும் ஒரு மூலைவிட்டமும் வையுங்கள். கதவுக்கு மூன்று கனமான கீல்கள் வேண்டும்.

மூன்று, அடிதண்டா. பழைய வீடுகளில் கதவுக்குப் பின்னால் சுவருக்குச் சுவர் குறுக்கே போடும் கட்டையை மறந்துவிட்டோம். கொட்டகைக்கு அதைவிட நல்ல காவல் இல்லை. இடுப்பு உயரத்தில் ஒன்று, தோள் உயரத்துக்கு மேல் ஒன்று என இரண்டு இரும்புக் குழாய்களைப் போடுங்கள். அவற்றைத் தாங்கும் கொண்டிகள் தூணில் பதிந்திருக்க வேண்டும். அடிதண்டா கதவைத் தொட்டபடி இருக்கட்டும். கதவிலும் வளையம் வைத்து அதோடு கோத்துவிட்டால், காற்று வெளியே இழுத்தாலும் கதவு போகாது. இதை உள்ளிருந்துதான் போட முடியும் என்பதால், வெளியேற பக்கச் சுவரில் ஒரு சிறிய கதவு தேவை. அதற்கும் மேலும் கீழும் தாழ் வையுங்கள்.

நான்கு, நடுக்கால். இரண்டு கதவுகளும் சேரும் இடம்தான் மிகவும் பலவீனம். அங்கே தரையில் குழாய்த் துண்டைக் கான்கிரீட்டில் பதித்து, மேலே உத்தரத்தில் கொக்கி வைத்தால், கழற்றி மாட்டும் தூண் ஒன்றை நிறுத்தலாம். டில்லர் போகும்போது எடுத்துவிடலாம்.

ரோலிங் ஷட்டர் போடுவதானால்

ஷட்டர் இடத்தை அடைக்காது. வண்டி ஏற்றி இறக்க வசதி. ஆனால் காற்றில் அதன் நடுப்பகுதி வளையும். வளைந்ததும் பட்டைகளின் முனைகள் பக்கவாட்டு கைடு சேனலிலிருந்து நழுவும். ஒரு பட்டை நழுவினால் மற்றவையும் தொடரும். எனவே கடையில் நிறத்தையும் விலையையும் கேட்பதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்.

பட்டையின் கனம் எத்தனை மில்லிமீட்டர்? 'கேஜ்' எண் கூடினால் கனம் குறைவு என்பதை மறக்காதீர்கள். 22 கேஜ் என்பது சுமார் 0.7 மி.மீ.; 20 கேஜ் 0.9 மி.மீ.; 18 கேஜ் 1.2 மி.மீ. பத்தடிக்கு 0.9 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். காற்றோட்டமான மேட்டில் 18 கேஜ் நல்லது.

கைடு சேனலின் ஆழம் எவ்வளவு? பத்தடி அகலத்துக்கு 65 மி.மீ. ஆழமாவது வேண்டும், பட்டை அதற்குள் நன்றாக நுழைந்திருக்க வேண்டும். பட்டை முனையில் காற்றுக்கொக்கி உண்டா? 'விண்ட் லாக்' என்று கேட்டால் கடைக்காரருக்குத் தெரியும். பட்டை வளைந்தாலும் சேனலை விட்டு வராமல் பிடிப்பது இதுதான்.

கீழ்ப்பட்டையை இரண்டு ஓரங்களிலும் தரையோடு பூட்டுங்கள். மேலே சொன்ன நடுக்காலை ஷட்டருக்குப் பின்னாலும் நிறுத்தலாம். மோட்டார் ஷட்டர் என்றால் கைச்சங்கிலி அவசியம். புயலன்று மின்சாரம் இருக்காது.

கேள்வி: காற்று இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் போகட்டும் என்று கதவைத் திறந்து வைத்தால் கூரை தப்பும் என்கிறார்களே, சரியா?
– வாசகர், ஒடுகத்தூர்

பதில்: சரியல்ல. கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் மூடுங்கள். சூறைக்காற்றில் திசை ஒரே மாதிரி இருக்காது. புயல் நமக்குத் தெற்கே கடந்தால் காற்று கிழக்கிலிருந்து வரும். வடக்கே கடந்தால் மேற்கிலிருந்து வரும். எந்தத் திசையில் கதவு வைத்தாலும் ஒருநாள் அடி விழும்.

நான்கு புறமும் திறந்த மாட்டுக்கொட்டகை கதை வேறு. அதில் காற்று கடந்து போய்விடும். மூன்று புறம் சுவரும் ஒரு புறம் திறப்புமாக இருப்பதே மிக ஆபத்தானது. அப்படிப்பட்ட கொட்டகைக்கோ, பலவீனமான கொட்டகைக்கோ உள்ளே மாட்டைக் கட்டி வைக்காதீர்கள். எச்சரிக்கை வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரமும் மின்கம்பியும் இல்லாத மேட்டுப் பாங்கான இடத்துக்கு ஓட்டிவிடுங்கள்.

கேள்வி: புதிதாகச் செலவு செய்ய இப்போது வசதியில்லை. மழைக்கு முன் என்ன செய்யலாம்?
– வாசகி, போளூர்

பதில்: புரட்டாசிக்குள் ஒரு நாள் ஒதுக்குங்கள். கதவை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். சட்டம் சுவரோடு ஆடினால் முதல் வேலை அங்கே. கீல்களும் கதவின் அடிப்பகுதியும் துருப்பிடித்திருந்தால் வெல்டிங் செய்து சிவப்பு ஆக்சைடு பூசுங்கள். கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் ஜே கொக்கி, திருகு விட்டுப்போன இடங்களை நிரப்புங்கள். கூரை முதலில் பிரிவது அங்கேதான். ஒரு பழைய ஜி.ஐ. குழாயும் நான்கு கொண்டிகளும் கிடைத்தால் அடிதண்டா தயார். அன்றிரவே போட்டுப் பழகுங்கள்.

காற்று அடிக்கும்போது கதவு ஆடுகிறதே என்று உள்ளே நின்று முதுகு கொடுத்துத் தாங்கப் பார்க்காதீர்கள். 690 கிலோவை மனித முதுகு தாங்காது. டில்லர் போனால் வாங்கிக்கொள்ளலாம். உதவிக்கு மாவட்டத்தில் 1077, மாநிலத்தில் 1070 எண்ணை அழையுங்கள்.