கரிசல் காட்டுப் பிள்ளை சாதியை ஆராயக் கூடாதா?

1916ஆம் ஆண்டு மே 9ஆம் நாள். நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மானுடவியலாளர் அலெக்சாண்டர் கோல்டன்வைசர் நடத்திய கருத்தரங்கில், 25 வயது இந்திய மாணவர் ஒருவர் ஒரு கட்டுரை வாசித்தார். ‘இந்தியாவில் சாதிகள்: அவற்றின் இயங்குமுறை, தோற்றம், வளர்ச்சி’ என்பது தலைப்பு. சாதியின் உயிர்நாடி அகமணமுறைதான் என்று அந்தக் கட்டுரை நிறுவியது. வாசித்தவர் அண்ணல் அம்பேத்கர். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் கொடுத்த உதவித்தொகையில் 1913இல் அங்கே படிக்கப் போனவர்.

அதே மாணவர் இன்று ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகைக்கு அதே தலைப்போடு விண்ணப்பித்தால், தலைப்பைப் பார்த்ததுமே தள்ளிவிடுவார்கள். 2022 பிப்ரவரியில் அந்தத் திட்டத்தின் விதிமுறைகளைத் திருத்தியபோது ஒரு வரி உள்ளே நுழைந்தது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா குறித்த சமூக ஆய்வு ஆகியவற்றுக்கு இந்த உதவித்தொகை கிடையாது என்பதே அந்த வரி.

இந்த உதவித்தொகை யாருக்கானது? ஆண்டுக்கு 125 இடங்கள். அவற்றில் 115 பட்டியல் சாதி மாணவர்களுக்கு. மீதமுள்ளவை சீர்மரபினர், நாடோடிப் பழங்குடிகள், நிலமற்ற விவசாயக் கூலிகள், மரபுவழிக் கைவினைஞர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு. அதாவது, இந்த நாட்டின் ‘மரபு’ யார் முதுகில் ஏறி நின்றதோ, அவர்கள் வீட்டிலிருந்து படிக்க வரும் பிள்ளையைப் பார்த்துத்தான் அரசு சொல்கிறது: நீ வெளிநாடு போகலாம், பொறியியல் படிக்கலாம், மருந்தியல் படிக்கலாம். உன்னை மிதித்தது எது என்று மட்டும் படிக்காதே.

நான் கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமத்துப் பிள்ளை. இப்போது இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். பள்ளிக்கூடத்துக்குள் சாதி எப்படி நடமாடுகிறது என்பது என் ஆய்வுப் பொருள். பல்கலைக்கழகமே உதவித்தொகை கொடுத்ததால் இந்தத் தலைப்பை வைத்துக்கொள்ள முடிந்தது. ஒன்றிய அரசின் பணத்தை நம்பி இருந்திருந்தால் தலைப்பை மாற்றியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஊரிலேயே இருந்திருக்க வேண்டும்.

இங்கே இந்தியர்கள் கூடும் இடங்களில் ‘மரபு’ என்ற சொல் அடிக்கடி காதில் விழுகிறது. பொங்கல், கோலம், பரதநாட்டியம், பட்டுவேட்டி எல்லாம் மரபு. கோவில்பட்டி என்று சொன்னால் உடனே கடலை மிட்டாய் என்பார்கள். 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய், எனக்கும் பெருமைதான். ஆனால் அடுத்த கேள்வியும் பின்னாலேயே வரும். “கோவில்பட்டியில எந்தப் பக்கம்?” அதற்குப் பதில் சொன்னால், “எந்தத் தெரு?” அதற்கும் பிடி கொடுக்காவிட்டால், “உங்க குலதெய்வம் எது?” கடல் கடந்து பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கியாலும் இந்த மூன்று கேள்விகளுக்கு விசா தேவைப்படுவதில்லை.

ஊரில் நான் படித்த பள்ளிக்கூடத்திலும் முதல் நாள் கேட்டது “எந்தத் தெரு?” என்றுதான். வருகைப் பதிவேட்டில் தெருப் பெயர் தேவையில்லை. ஆனால் யாரை எங்கே உட்கார வைப்பது, தண்ணீர் கொண்டுவர யாரை அனுப்புவது, கழிப்பறை கழுவ யாரைக் கூப்பிடுவது என்று முடிவு செய்ய அந்தப் பதில் போதும். முகவரியே சாதிச் சான்றிதழாக இருந்த நாட்டில், ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவிக்க 2025 ஏப்ரல் வரை ஆனது.

கரிசல் காட்டில் மரபு என்பது அருங்காட்சியகத்துப் பொருள் அல்ல. அது காலைச் சாப்பாட்டுத் தட்டில் இருக்கிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுக்க விரிந்த சில நாட்களிலேயே, 2023 செப்டம்பரில், எட்டயபுரம் வட்டாரத்து உசிலம்பட்டி ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியிலிருந்து ஒரு செய்தி வந்தது. சமைப்பவர் பட்டியல் சாதிப் பெண் என்பதால் பெற்றோர் சிலர் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை என்பது செய்தி. அது சொந்தப் பகை, சாதி இல்லை என்றும் ஊரில் சொன்னார்கள். கடைசியில் கனிமொழி எம்.பி.யும் அமைச்சர் கீதா ஜீவனும் நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. ஒரு தட்டு உப்புமாவைச் சாப்பிட வைக்க ஒரு நாடாளுமன்ற உறுப்பினரும் ஓர் அமைச்சரும் வர வேண்டும் என்றால், அந்த உப்புமாவில் இருந்தது வெறும் சொந்தப் பகைதானா? பகை எந்தத் தெருவுக்கும் எந்தத் தெருவுக்கும் இடையில் வருகிறது, அது ஏன் சமையல் பாத்திரத்தில் போய் விழுகிறது என்று கேட்பதற்குப் பெயர்தான் சமூக ஆய்வு.

மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிறும் மரபுதான் என்கிறார்கள். தென்மாவட்டப் பள்ளிகளில் எந்த நிறம் எந்தச் சாதி என்பது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அப்படிப்பட்ட பள்ளிகளைக் கண்டறிந்து நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2019இல் பள்ளிக் கல்வி இயக்குநர் சுற்றறிக்கை அனுப்பினார். எதிர்ப்புக் கிளம்பியதும் அன்றைய அரசு பின்வாங்கியது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2023 ஆகஸ்ட் 9 இரவு, நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த தலித் மாணவர் ஒருவரை, அவரோடு படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அந்த மாணவர் மருத்துவமனையிலிருந்து மீண்டு பொதுத்தேர்வில் 600க்கு 469 மதிப்பெண் எடுத்தார். 2025 மார்ச்சில் எங்கள் மாவட்டத்திலேயே, ஸ்ரீவைகுண்டம் அருகே, தேர்வெழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த பதினோராம் வகுப்பு மாணவரை வெட்டினார்கள். கை விரல்கள் துண்டாயின.

“படிச்சு நல்ல வேலைக்குப் போயிட்டா எல்லாம் சரியாயிரும்” என்று எங்கள் வீடுகளில் சொல்வார்கள். என் அம்மாவும் அப்படித்தான் சொன்னார். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டுப் பத்து வயதில் தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போனவர் அவர். விடியுமுன் வண்டி வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். மழை பொய்த்தால் மானாவாரிக் காட்டில் கூலி இல்லை. அப்போது தீப்பெட்டி ஆபீஸ்தான் அடுப்பை எரிய வைத்தது. இந்தத் தீப்பெட்டி, பட்டாசு வட்டாரத்துப் பிள்ளைகளை முன்வைத்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்புச் சொன்ன காலத்தில் எனக்குப் பள்ளிக்கூடம் போகிற வயது. அம்மாவுக்கு வாய்க்காதது எனக்கு வாய்த்தது. கல்வியின் மதிப்பை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் கல்வி மட்டும் போதுமா? 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் வெட்டிக் கொல்லப்பட்ட இளைஞர், தூத்துக்குடி மாவட்டத்து ஏரல் பக்கத்துக்காரர். மென்பொருள் பொறியாளர். கைநிறையச் சம்பளம் வாங்கியவர். வேறு சாதிப் பெண்ணை நேசித்தார் என்பதுதான் குற்றம். அகமணத்தைக் காக்கச் சாதி எதையும் செய்யும் என்பதைப் புரிந்துகொள்ள 1916ஆம் ஆண்டுக் கட்டுரையைத்தான் மறுபடி எடுத்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

அம்பேத்கருக்கே இது நேர்ந்தது. வெளிநாட்டில் வாழ்ந்த ஆண்டுகள், தான் தீண்டப்படாதவர் என்ற நினைப்பையே மனதிலிருந்து துடைத்துவிட்டன என்று அவர் ‘விசாவுக்காகக் காத்திருக்கிறேன்’ என்ற தன்வரலாற்றுக் குறிப்பில் எழுதுகிறார். 1917இல் பரோடா ரயில் நிலையத்தில் இறங்கியதும் அந்த நினைப்பு திரும்பி வந்தது. எங்கே தங்குவது? பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். சில நாட்களில் கம்போடு வந்து வெளியேற்றினார்கள். கொலம்பியாப் படிப்பு ஓர் அறையைக்கூட வாங்கித் தரவில்லை. அந்தப் படிப்பு தந்தது வேறொன்று: தனக்கு நடப்பது தலைவிதி அல்ல, ஓர் அமைப்பு என்று காட்டும் கருவிகள். அந்தக் கருவிகளைத்தான் அரசு இப்போது எங்கள் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொள்ளப் பார்க்கிறது.

அரசுத் தரப்பு ஒரு நியாயம் சொன்னது. இந்தியாவைப் பற்றிப் படிக்க இந்தியாவிலேயே நல்ல பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன, தரவுகளும் இங்கேதான் இருக்கின்றன, இருக்கிற கொஞ்ச இடங்களை வேறு துறை மாணவர்களுக்குத் தரலாமே என்றது. கேட்பதற்குச் சரியாகத் தோன்றும். பிரித்துப் பார்ப்போம்.

ஒன்று, இந்தத் தடை எல்லாருக்கும் இல்லை. சொந்தக் காசில் போகிறவர் ஆக்ஸ்போர்டிலோ சிகாகோவிலோ சாதியைப் பற்றி, கோயிலைப் பற்றி, எங்களைப் பற்றிக்கூட ஆராயலாம். உலகப் பல்கலைக்கழகங்களில் தெற்காசியத் துறைகள் இருக்கின்றன. அங்கே இந்தியா பற்றிய அறிவு உற்பத்தியாகிறது. அந்த அறைக்குள் எங்களைத் தரவாக அனுமதிப்பார்கள், ஆய்வாளராக நுழைய மட்டும் உதவித்தொகை கிடையாது.

இரண்டு, இந்தியப் பல்கலைக்கழகம் என்றால் எது? ரோகித் வெமுலா ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில்தான் ஆய்வு செய்தார். மாதக்கணக்கில் உதவித்தொகை கைக்கு வராமல், விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு, 2016 ஜனவரி 17 அன்று உயிரை விட்டார். அடுத்த ஆண்டே சேலத்து முத்துக்கிருஷ்ணன் ஜே.என்.யு.வில் படித்தபோது இறந்தார். உள்நாட்டிலேயே படி என்று சொல்வதற்கு முன், உள்நாட்டு வளாகத்தில் எங்கள் பிள்ளைகள் உயிரோடு படித்து முடிப்பதற்கு என்ன உத்தரவாதம் என்று அரசு சொல்லட்டும்.

மூன்று, இடம் குறைவு என்றால் இடத்தைக் கூட்ட வேண்டும். 2025-26ஆம் ஆண்டுக்கு 106 பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, முதலில் 40 பேருக்கு மட்டும் ஆணை கொடுத்து, மற்றவர்களை நிதி வந்தால் பார்க்கலாம் என்று நிறுத்தி வைத்தார்கள். சேர்க்கைக் கடிதம் கையில் இருக்க, கல்லூரி திறக்கும் தேதி நெருங்க, பணம் வருமா என்று தெரியாமல் ஒரு கூலித் தொழிலாளி வீடு எப்படித் தூங்கும்?

வெளிநாடு ஒன்றும் சமத்துவபுரம் இல்லை. பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தில் சாதியையும் வெளிப்படையாகச் சேர்க்க வேண்டும் என்று நாடாளுமன்றம் 2013இல் வழிசெய்தது. 2018இல் அரசு அதைக் கைவிட்டது. அமெரிக்காவில் சியாட்டில் நகர மன்றம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. கலிபோர்னியாவில் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை அதே ஆண்டு ஆளுநர் நிராகரித்தார். இந்த விவாதங்களில் சாதி என்று ஒன்றே இங்கு இல்லை என்று வாதாட ஆட்களும் அமைப்புகளும் நிறைய. இல்லை, இருக்கிறது என்று ஆதாரத்தோடு பேச எங்கள் ஆட்கள் எத்தனை பேர் அங்கே இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. அந்த எண்ணிக்கையைக் கூட்டக்கூடிய கதவைத்தான் 2022இல் சாத்தினார்கள்.

கோவில்பட்டியில் மானாவாரி விவசாயத்துக்கென ஒரு வேளாண் ஆராய்ச்சி நிலையம் நூறாண்டுகளுக்கு மேலாக இயங்குகிறது. கரிசல் மண் எவ்வளவு ஈரம் பிடிக்கும், எந்தப் பருத்தி தாங்கும், எந்தச் சோளம் விளையும் என்று தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்திருக்கிறார்கள். மண்ணுக்கு ஆராய்ச்சி வேண்டும் என்றால் மண்ணில் வாழ்கிறவர்களுக்கு வேண்டாமா? அந்த வேலையை இதுவரை பெரும்பாலும் எழுத்தாளர்களே செய்தார்கள். பூமணியின் ‘பிறகு’வும் சோ.தர்மனின் ‘கூகை’யும் இந்த வட்டாரத்துத் தலித் வாழ்வை எழுத்தில் கொண்டுவந்தன. இந்த நாவல்களை எடுத்துக்கொண்டு வெளிநாட்டில் ஆய்வு செய்ய ஒரு கோவில்பட்டி மாணவி விரும்பினால், அதுவும் ‘இந்தியப் பண்பாடு’ என்ற வரிக்குள் விழுந்து தள்ளுபடியாகும்.

நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை விதியில் உள்ள அந்த வரி நீக்கப்பட வேண்டும். இடங்கள் கூட்டப்பட வேண்டும், தேர்வானவர்களுக்குக் கல்லூரி திறக்குமுன் பணம் போய்ச் சேர வேண்டும். தமிழ்நாடு அரசு அண்ணல் அம்பேத்கர் பெயரில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கு ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை அயல்நாட்டு உயர்கல்விக்கு வழங்குகிறது. நல்ல திட்டம். அதைச் சாதி பற்றிய ஆய்வுகளுக்கும் தாராளமாகத் திறந்து, கோவில்பட்டி, விளாத்திகுளம், சங்கரன்கோவில் போன்ற ஊர்களின் கல்லூரிகளுக்கு நேரில் கொண்டுபோக வேண்டும். நாங்குநேரிக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்துவிட்டது. பள்ளிப் பெயர்களில் சாதிப் பட்டம் கூடாது, கயிறு கூடாது, அகர வரிசையில் உட்கார வைக்க வேண்டும், வட்டாரத்தில் பெரும்பான்மையான சாதியைச் சேர்ந்தவரை அங்கே தலைமை ஆசிரியராகப் போடக் கூடாது என்பவை உள்ளிட்ட அதன் பரிந்துரைகள் சட்டமாக வேண்டும்.

கடைசியாக, கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு. உங்கள் ஊர்ப் பள்ளியில் யார் எங்கே உட்காருகிறார்கள், தேர் எந்தத் தெருவுக்கு வருவதில்லை, டீக்கடையில் எப்போது இரட்டை டம்ளர் போனது, எந்த உருவத்தில் திரும்பி வந்தது என்று தேதி போட்டு எழுதி வையுங்கள். பாட்டிகளிடம் தீப்பெட்டி ஆபீஸ் கதையைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். விண்ணப்பம் எழுதும்போது ‘இந்தத் தலைப்புக்குக் காசு கிடைக்காது, மாத்திக்கோ’ என்று நல்ல மனதோடு ஆலோசனை சொல்வார்கள். அவசரப்பட்டு மாற்றாதீர்கள். வேறு உதவித்தொகைகள் இருக்கின்றன, வழி கேட்டால் சொல்ல எங்களைப் போன்றவர்கள் இருக்கிறோம். இந்தியாவின் மரபு பற்றி உலகத்துக்குச் சொல்ல ஏராளமானோர் இருக்கிறார்கள். அந்த மரபு எங்கள் தெருவில் என்ன செய்தது என்று நாம்தான் எழுத வேண்டும்.