குடியானவனும் குறுந்துப்பாக்கியும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் பயிர் செய்யும் குடியானவனுக்கு இரவென்பது உறங்குவதற்கென ஏற்பட்ட காலமன்று. நிலக்கடலையும், மக்காச்சோளமும், மரவள்ளியும், வாழையும் விளையும் பருவத்தில் அவன் பரண்மீதேறித் தகரத்தைத் தட்டிக்கொண்டு விழித்திருக்க வேண்டும். சற்றே கண்ணயர்ந்தானாயின், விடிவதற்குள் காட்டுப்பன்றிக் கூட்டம் நிலத்தை உழுதுவிட்டுப் போய்விடும். நான்கு மாதப் பாடு நான்கு மணி நேரத்தில் மண்ணாகும். இத்துன்பத்தை ஒழிக்க ஆயுதம் வேண்டுமாவெனில், வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம். எத்தகைய ஆயுதம், எவர் கையில், எந்நிபந்தனையின் மேல் என்பவையே நாம் இன்று ஆராயப் புகுந்த விஷயங்களாம்.

தகுந்த ஆயுதம் இல்லாதவிடத்துத் தகாத ஆயுதம் வந்து சேர்வது இயற்கை. பன்றியைத் தடுக்கச் சிலர் வீட்டு மின்சாரத்தைத் திருட்டுத்தனமாக வேலிக் கம்பியிற் பாய்ச்சுகின்றனர். 2023-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் தருமபுரி ஜில்லா மாரண்டஹள்ளிக்கு அருகே அத்தகைய வேலியிற் சிக்கி மூன்று பெண் யானைகள் மாண்டன. இரண்டு குட்டிகள் தாயற்று நின்றன. வேறு சிலர் வெடிமருந்தைப் பழத்தினுள் பொதிந்து ‘அவுட்டுக்காய்’ என்று வைக்கின்றனர். 2020-ஆம் வருஷம் மே மாதத்தில் பாலக்காட்டுப் பக்கத்தில் கருவுற்ற யானையொன்று அவ்வகை வெடியினால் வாய் சிதைந்து, ஆற்றுநீரில் நின்றபடியே உயிர் நீத்த செய்தியை நம் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மின்வேலிக்கும் வெடிக்கும் யானையென்றும் பன்றியென்றும் பேதம் தெரியாது. நீர் பாய்ச்சப் போன கூலியாளென்றும் குழந்தையென்றும் தெரியாது. குறி பார்க்கும் கண் ஒன்று பின்னால் இருக்கும் ஆயுதம் துப்பாக்கி ஒன்றே.

ஆயின் அந்தத் துப்பாக்கி நம் குடியானவனுக்கு ஏன் எட்டாப் பொருளாயிற்று? இதற்குச் சரித்திரத்தைச் சிறிது புரட்ட வேண்டும். 1878-ஆம் வருஷத்தில் லிட்டன் பிரபு இரண்டு சட்டங்களைப் பிறப்பித்தார். ஒன்று சுதேச பாஷைப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிற்று. மற்றொன்றாகிய ஆயுதச் சட்டம் ஜனங்களின் கையைக் கட்டிற்று. முன்னது 1882-இல் ரிப்பன் பிரபுவின் காலத்தில் ரத்தாயிற்று. பின்னதோ, நாடு விடுதலை பெற்ற பின்னரும் 1959-இல் புதிய சட்டம் இயற்றப்படும் வரை நிலைத்தது. 1887-இல் சென்னையில், பத்ருதீன் தயாப்ஜியின் தலைமையில் கூடிய காங்கிரஸ் மகாசபை இச்சட்டத்தின் கடுமையைக் கண்டித்துத் தீர்மானம் செய்தது. 1931-இல் கராச்சி மகாசபையோ, ஒழுங்கு விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் தாங்குவதைப் பிரஜைகளின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகவே எண்ணிற்று.

அந்நியர் ஆட்சியின் அச்சம் துப்பாக்கியின் குழலளவிலும் புகுந்திருந்தது. சேனையார் கையாண்ட .303 தோட்டா ஜனங்களின் துப்பாக்கியிற் பொருந்தலாகாதென்று அவ்வளவு விலக்கப்பட்டது. அதற்குப் பதிலாக வேட்டைக்கென்று வழங்கியதே .315 ரைபிள். ஆஸ்திரிய நாட்டு 8 மில்லிமீட்டர் மான்லிக்கர் தோட்டாவே அதன் மூலம். பிர்மிங்காமிலிருந்து வந்த அத்துப்பாக்கி பின்னர் வங்காளத்து ஈசாப்பூர் ரைபிள் தொழிற்சாலையிலேயே செய்யப்படலாயிற்று. இன்றளவும் நம் நாட்டு வேட்டை ரைபிள் என்றால் பலர் மனத்தில் தோன்றுவது அதுவே.

சுயராஜ்யத்தில் இயற்றிய 1959-ஆம் வருஷத்துச் சட்டமாவது குடியானவனின் நிலையை உணர்ந்ததா? அதன் 13-ஆவது பிரிவைப் பாருங்கள். பயிர்ப் பாதுகாப்புக்கென்று அச்சட்டம் முதலிற் கூறுவது வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியையே. அது போதாதென்று லைசென்ஸ் வழங்கும் அதிகாரி திருப்தியுற்றால், உட்குழல் வழவழப்பான வேறு துப்பாக்கியைத் தரலாமாம். உட்குழலில் சுருள்வரி வெட்டிய ரைபிளைப் பற்றி அவ்விடத்திற் பேச்சே இல்லை. வேண்டுவோர் தனிக் காரணம் காட்டி வேறு வழியிற் கேட்க வேண்டும். மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியோ மழையில் நனைந்தால் வெடியாது. வெடித்தால் எங்கே பாயுமென்று நிச்சயமில்லை. மறுமுறை கெட்டிப்பதற்குள் அடிபட்ட பன்றி ஆளின்மீதே பாய்ந்துவிடும். பாட்டன் காலத்துக் கருவியைக் கொடுத்துப் பேரனின் பயிரைக் காக்கச் சொல்வது எவ்வகை நீதி?

எனின், எத்தகைய துப்பாக்கி ஏற்றது? குறுங்குழல் கொண்ட போல்ட்-ஆக்ஷன் ரைபிளே ஏற்றதென்பது நமது முடிவு. காரணங்களை ஒவ்வொன்றாகக் கூறுவோம்.

முதலாவது, போல்ட்-ஆக்ஷன் என்னும் அமைப்பு. கதவுத் தாழ்ப்பாளைப் போன்ற எஃகுத் தண்டைக் கையால் தூக்கிப் பின்னுக்கிழுத்தால் வெந்த தோட்டாக்கூடு வெளியே விழும். முன்னுக்குத் தள்ளி மடக்கினால் புதுத் தோட்டா ஏறும். ஒவ்வொரு குண்டுக்கும் மனிதன் கை வைத்தே ஆக வேண்டும். விசையை அழுத்த அழுத்தத் தானே நிரப்பிக்கொள்ளும் துப்பாக்கியில் இரண்டாவது குண்டு ஆலோசனையின்றிப் புறப்பட்டுவிடும். இதிலோ இரண்டாவது குண்டுக்கு முன் யோசிக்க இடமுண்டு. தண்டைத் திறந்து வைத்தால் உள்ளே தோட்டா இல்லையென்பதை எதிரில் நிற்பவனும் கண்ணாற் காணலாம். உறுப்புகள் சிலவே, சேறும் தூசியும் நிறைந்த கிராமத்தில் துடைத்து வைத்துக்கொள்வது எளிது.

இரண்டாவது, குறுமை. நீண்ட குழல் திறந்த வெளியில் தூரத்து இலக்குக்கு உதவும். நம் கழனிகளிலோ பரணின் இடுக்கிலும், கரும்புத் தோட்டத்தின் வரப்பிலும், முள்வேலியின் சந்திலும் துப்பாக்கியைத் திருப்ப வேண்டும். பதினெட்டு முதல் இருபது அங்குலக் குழல் இதற்குப் போதுமானது. குழல் குறைந்தால் வேகம் குறையாதோ என்பார்க்கு விடை யாதெனில், குறையும்; .308 போன்ற தோட்டாவில் ஓர் அங்குலத்துக்கு வினாடிக்குச் சுமார் 20 முதல் 25 அடி வரையிற் குறையும். 2,800 அடி வேகத்தில் நூறோ நூற்றைம்பதோ அடி குறைவதை நூறு கஜத்துக்குள் நிற்கும் பன்றி அறியப்போவதில்லை. ஆனால் குறுங்குழலில் வெடியோசை அதிகம். துப்பாக்கி மிக இலேசானால் தோளில் உதைப்பதும் அதிகம். உதைக்கு அஞ்சுகிறவன் விசையை இழுக்கும்போது கண்ணை மூடுவான், குண்டு தவறும். ஆகையால் மூன்று கிலோவுக்குக் குறையாத எடையும், ஆளின் தோளுக்கேற்ற நீளமுள்ள கட்டையும் வேண்டும்.

மூன்றாவது, தோட்டா. வளர்ந்த ஆண்பன்றியின் தோட்புறத்தில் கேடயம்போற் கெட்டித்த தோல் இருக்கிறது. அதன் இருதயமோ முன்னங்கால்களுக்கிடையே தாழ்வாக அமைந்தது. சிறு குண்டு அக்கேடயத்தில் தங்கிவிட்டால் பன்றி சாவதில்லை; புண்பட்டுப் புதரிற் புகுந்து, மறுநாட் காலையில் புல்லறுக்க வரும் பெண்ணின்மீது பாயும். .315 ஆயினும், .308 ஆயினும் நூறு கஜத்துக்குள் இவ்வேலைக்குப் போதிய வலிமை உண்டு. அதற்கு மேற்பட்ட வலிமை வீண் உதையே. 1907-இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாக வந்தது இலேசான .275 ரிக்பி போல்ட்-ஆக்ஷன் ரைபிளே. குமாவுன் மலைகளில் அவர் நெடுங்காலம் சுமந்து திரிந்ததும் அதையே. பொருந்தும் ரைபிள் பெருந்துப்பாக்கியினும் மேலானது என்பதற்கு இஃதொன்றே போதும்.

இங்கே தக்கதோர் ஆட்சேபம் எழும். ரைபிள் குண்டு இலக்குத் தவறினால் மைல் கணக்கிற் செல்லுமே, நெருங்கி ஜனங்கள் வாழும் நம் நாட்டில் இது ஆபத்தன்றோ என்பர். வாஸ்தவமே. ஆகையினாற்றான் பரண்மீதிருந்து கீழ்நோக்கிச் சுட வேண்டும், குண்டு மண்ணிற் புதையும் திக்கில் மட்டுமே சுட வேண்டும் என்பதை முதல் நிபந்தனையாக்குகிறோம். அவ்வசதி இல்லாத சமவெளியில், வீடுகளுக்கருகில், ஒற்றைக் குண்டிட்ட 12 போர் துப்பாக்கியே பொருத்தமென்பதையும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் சிதறு ரவைகளை இருட்டில் எழுபது கஜத்துக்கப்பால் வீசிப் பத்துப் பன்றிகளைப் புண்படுத்துவதை எவரும் பாதுகாப்பென்று சொல்லலாகாது.

மானின் விஷயம் வேறு. அமெரிக்காவில் மானுக்கும் பன்றிக்கும் ஒரே ரைபிளைத் தேர்ந்து வாங்குவது சாதாரண வழக்கம். அங்கே வெண்வால் மானைப் பருவ வரையறையும் லைசென்ஸும் வைத்து வேட்டையாட விடுகின்றனர். பன்றியோ 1539-இல் ஸ்பானியர் கப்பலில் வந்திறங்கிய அந்நியப் பிராணி. இன்று அறுபது லட்சத்துக்கும் மேலாகப் பெருகிச் சுமார் 35 ராஜ்யங்களிற் பரவியிருக்கிறது. நம் நாட்டிலோ பன்றி இம்மண்ணுக்கே உரியது. புலிக்கும் சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் இரை. மானை 1972-ஆம் வருஷத்து வனஜீவி பாதுகாப்புச் சட்டம் காத்து நிற்கிறது. அது காக்கப்படவே வேண்டும். பயிர்க் காவலென்ற பெயரால் வாங்கிய ரைபிளின் முன்னே புள்ளிமான் வந்து நின்றால் விசையினின்று விரலை எடுப்பவனே அதற்குத் தகுதியுள்ளவன்.

அமெரிக்காவினின்று நாம் கற்க வேண்டிய வேறொரு பாடமும் உண்டு. துப்பாக்கி மிகுந்த அந்நாட்டிலேயே துப்பாக்கியினால் மட்டும் பன்றி ஒழியவில்லை. மிசௌரி ராஜ்யத்தின் வனபாதுகாப்பு இலாகா தன் நிலங்களில் பன்றி வேட்டையை 2016-இல் தடை செய்தது. ஒன்றிரண்டைச் சுட்டால் மந்தை சிதறி நாலு புறமும் பரவுகிறது. முழு மந்தையையும் பட்டியில் அடைத்துப் பிடிப்பதே பலன் தருமென்று அவர்கள் கண்டனர். ஆகவே வேலியும் பட்டியும் முதல், ரைபிள் கடைசி. ஆயினும் கடைசிக் கருவியும் நல்ல கருவியாக இருக்க வேண்டுமென்பதே நமது வாதம்.

சட்டம் இதற்கு இடந்தராமலில்லை. பயிருக்குக் கேடு விளைக்கும் பன்றியைக் கொல்ல அனுமதியளிக்கும் அதிகாரம் அச்சட்டத்தின் 11-ஆவது பிரிவிலேயே இருக்கிறது. கேரள சர்க்கார் 2022-இல் அவ்வதிகாரத்தைப் பஞ்சாயத்துத் தலைவர்களிடம் ஒப்புவித்து, லைசென்ஸ் உள்ளவர்களைக் கொண்டு சுட வழி செய்தது. விஷமும் வெடியும் மின்சாரமும் கூடாதென்றும் விதித்தது. தமிழ்நாடு சர்க்கார் 2025 ஜனவரியிற் சட்டசபையில் அறிவித்த திட்டமோ வேறு. காப்புக் காட்டினின்று ஒரு கிலோமீட்டருக்குள் சுடலாகாது. ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையே பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றுக்கப்பால் வனத்துறையினர் சுடலாம். காட்டை ஒட்டிய எல்லையைக் காத்தது நன்று. அதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் இரவு பதினொரு மணிக்குப் பன்றி புகுந்ததென்று குடியானவன் செய்தி சொல்லி, வனத்துறையார் வந்து சேர்வதற்குள் கடலைக்காடு இருக்குமா?

ஆகவே நாம் கேட்பன இவை. காட்டெல்லைக்கு மூன்று கிலோமீட்டருக்கப்பாலுள்ள ஒவ்வொரு பஞ்சாயத்திலும் இரண்டொரு யோக்கியமான குடியானவர்களைப் பொறுக்கியெடுத்து, வனத்துறையும் போலீஸும் சேர்ந்து பயிற்சி அளிக்கட்டும். குறி பார்ப்பதிலும், சுடாமல் விடுவதிலும் தேர்ந்தவர்க்கே லைசென்ஸ் கொடுக்கட்டும். 13-ஆவது பிரிவைத் திருத்தி, அத்தகையோர் பயிர்க் காவலுக்குக் குறுங்குழல் போல்ட்-ஆக்ஷன் ரைபிள் வைத்துக்கொள்ள வகை செய்யட்டும். நம் தொழிற்சாலைகள் அதைக் குடியானவனுக்குக் கட்டுப்படியாகும் விலையிற் செய்து தரட்டும். சுட்ட ஒவ்வொரு தோட்டாவுக்கும் பஞ்சாயத்தில் கணக்கு இருக்கட்டும். கொன்ற பன்றியைப் புதைக்கும்வரை அதிகாரி பார்த்துக் கையெழுத்திடட்டும். இறைச்சிக்காகச் சுட்டவனின் லைசென்ஸ் அன்றே ரத்தாகட்டும்.

இவ்வளவு நிபந்தனைகள் எதற்கென்று நம் அன்பர் சிலர் கேட்கக்கூடும். ஆயுதம் தாங்குவதை உரிமையென்று கராச்சியில் முழங்கியபோதே, ஒழுங்கு விதிகளுக்கு உட்பட்டு என்ற சொற்களையும் நம் தலைவர்கள் சேர்த்தே வைத்தார்கள். அச்சத்தினால் ஆயுதத்தைப் பறித்தது அந்நிய ஆட்சி. நம்பிக்கையோடு கொடுத்துப் பொறுப்போடு கணக்குக் கேட்பதே சுயராஜ்யம். செல்வந்தரின் கூடத்துச் சுவரில் அலங்காரமாகத் தொங்குவதற்கு லைசென்ஸ் கிடைக்குமாயின், பரண்மீது பனியில் விழித்திருப்பவனுக்கு அது கிடைக்காமற்போவது நம் எல்லோருக்கும் தலைகுனிவாகும். அடுத்த கடலை விதைப்புக்கு முன்னராவது சர்க்கார் விழித்துக்கொள்ளுமா?