கூடுதல் டேங்க்: பெட்ரோலுக்கு முன் காற்றுக்கு வழி

மோட்டார் சைக்கிளில் கூடுதல் பெட்ரோல் டேங்க் வைப்பது பார்வைக்கு எளிய வேலை. பின் சீட்டில் ஓர் அலுமினியப் பெட்டி, அதன் அடியில் ஒரு ஹோஸ், நடுவில் ஒரு டேப், மறுமுனை மெயின் டேங்கில். நல்ல வெல்டர் ஒருவர் கிடைத்தால் ஒரே நாளில் முடிந்துவிடும் என்று தோன்றும். அப்படி அவசரமாக முடித்த வண்டிகளில் சில, பெட்டி நிறையப் பெட்ரோல் இருந்தும் நெடுஞ்சாலையில் நின்றுபோகும். வேறு சில, நிறுத்தி வைத்த இடத்தில் மெயின் டேங்க் மூடி ஓரமாகப் பெட்ரோலைக் கசியவிடும். ஒன்றில் பெட்ரோல் வரவில்லை, மற்றதில் தேவைக்கு மேல் வருகிறது. ஆனால் இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: பெட்ரோல் போகும் வழியை யோசித்தவர் காற்று வரும் வழியை யோசிக்கவில்லை.

முதலில், இது யாருக்குத் தேவை? அமெரிக்காவின் அயர்ன் பட் அசோசியேஷன் என்ற சங்கம், 24 மணி நேரத்தில் 1000 மைல், அதாவது 1609 கிலோமீட்டர் ஓட்டி முடித்தவர்களுக்குச் சான்றிதழ் தருகிறது. அது நடத்தும் பெரிய ராலி 11 நாள் நீளும். அந்த ஓட்டிகளுக்குப் பங்க்கில் நிற்கும் ஒவ்வொரு முறையும் நேரச் செலவு. லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தரும் பெரிய வண்டியில் 25 லிட்டர் டேங்க் இருந்தால் 450 கிலோமீட்டருக்கு ஒருமுறை நிற்க வேண்டும். சங்கம் அனுமதிக்கும் உச்ச அளவான 11.5 அமெரிக்க கேலன், சுமார் 43.5 லிட்டர், இருந்தால் அது 780 கிலோமீட்டரைத் தாண்டும். கூடுதல் டேங்க் பொருத்தும் கலை வளர்ந்தது பெரும்பாலும் இப்படிப்பட்டவர்களின் கையில்தான்.

நம் நாட்டில் இந்த எண்ணம் வருவது பெரும்பாலும் லே பயணத்தை ஒட்டி. மணாலியிலிருந்து போகும்போது தண்டி பங்க்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று சொல்லும் பலகை பிரபலம். அதைப் பார்த்து டேங்க் கட்டத் துடிப்பவர்கள் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 15 லிட்டர் டேங்கும் லிட்டருக்கு 30 கிலோமீட்டரும் உள்ள வண்டி 450 கிலோமீட்டர் போகும். மலையேற்றத்துக்குக் கொஞ்சம் கழித்தாலும், கையில் 5 லிட்டர் உலோகக் கேன் இருந்தால் போதும். நிற்க நேரம் இருப்பவருக்குக் கேன். நிற்கவே கூடாதவருக்குத்தான் இரண்டாவது டேங்க்.

தேவைதான் என்று முடிவானால், அடுத்தது காற்று. பதினைந்து கிலோ எண்ணெய் டின்னில் ஒரு மூலையில் மட்டும் ஓட்டை போட்டுச் சாய்த்தால், எண்ணெய் திக்கித் திக்கி விழும். எதிர் மூலையில் இன்னொன்று போட்டால்தான் சீராக வரும் என்பது எந்த மளிகைக் கடைக்காரருக்கும் தெரியும். பெட்ரோல் டேங்கும் அப்படியே. மூடியில் உள்ள ஏர் ஹோல் வழியாகக் காற்று உள்ளே வந்தால்தான் பெட்ரோல் வெளியே போகும். அது அடைத்துக்கொண்டால் வண்டி கொஞ்ச தூரம் ஓடி, இழுவை குறைந்து நிற்கும். மூடியைத் திறந்தால் "புஸ்" என்று காற்று உள்ளே போகும்; உடனே ஸ்டார்ட் ஆகும். பழைய மெக்கானிக்குகள் முதலில் செய்து பார்க்கும் சோதனை இது. இரண்டு டேங்குகளை இணைக்கும்போது கேள்வி இரண்டாகிறது: எந்த டேங்குக்குக் காற்று வர வேண்டும், எதற்கு வரக் கூடாது?

இரண்டுக்கும் ஏர் ஹோல் திறந்திருந்தால், இரண்டிலும் பெட்ரோல் ஒரே மட்டத்துக்கு வரப் பார்க்கும். கூடுதல் டேங்க் உயரத்தில் இருந்தால் அதிலுள்ளது முழுவதும் மெயின் டேங்கில் இறங்கும். அங்கே இடம் இல்லாவிட்டால் மூடி வழியாக வழியும். எனவே இந்த முறையில் டேப்பை மூடியே வைத்திருந்து, பெட்டியில் உள்ள அளவு மெயின் டேங்கில் காலியான பிறகே திறக்க வேண்டும். எளிய முறைதான், ஆனால் ஓட்டுபவரின் ஞாபகத்தை நம்பியது. 15 மணி நேரம் ஓட்டிய பிறகு யாருடைய ஞாபகத்தையும் நம்ப முடியாது. கூடுதல் டேங்க் தாழ்வாக இருந்தாலோ, மெயின் டேங்கின் மட்டத்துக்குக் கீழே உள்ள பெட்ரோல் தானாக மேலே ஏறாது. அதற்குத் தனிப் பம்ப் வேண்டும்.

அனுபவசாலிகள் பலர் செய்வது வேறு. மெயின் டேங்கின் ஏர் ஹோலை அடைத்துவிட்டு, கூடுதல் டேங்கின் ஏர் ஹோலை மட்டும் திறந்து வைப்பார்கள். எஞ்சின் மெயின் டேங்கிலிருந்து பெட்ரோலை எடுக்க எடுக்க அங்கே அழுத்தம் லேசாகக் குறையும். அந்தக் குறைவு ஹோஸ் வழியாகப் பெட்டியிலிருந்து பெட்ரோலை இழுத்துக்கொள்ளும். இதற்குப் பெரிய உறிஞ்சல் தேவையில்லை. பெட்ரோலை 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏற்றக் காற்றழுத்தத்தில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு குறைந்தாலே போதும். ஓட்டமும் பெரிதல்ல: மணிக்கு 6 லிட்டர் குடிக்கும் வண்டிக்கு நிமிடத்துக்கு 100 மில்லி வந்தால் போதும். கைவிரல் பருமனுள்ள ஹோஸ் அதைத் தாராளமாகத் தரும்.

இந்த அமைப்பில் பெட்டி முதலில் காலியாகும். அதுவரை மெயின் டேங்க் நிறைந்தே இருக்கும். மீட்டரில் முள் 'ஃபுல்' காட்டிக்கொண்டே இருந்து, பெட்டி வற்றிய பிறகுதான் இறங்கத் தொடங்கும். உயரத்தில், பின்னால் இருக்கும் பாரம் முதலில் கரைவதால் வண்டியின் சமநிலைக்கும் நல்லது. முள்ளே நல்ல சோதனைக் கருவியாகவும் ஆகிவிடுகிறது: பெட்டியில் பெட்ரோல் இருக்கும்போதே முள் இறங்கினால், மெயின் டேங்கில் எங்கோ காற்று புகுகிறது. பெரும்பாலும் குற்றவாளி மூடியின் ரப்பர் வாஷர்.

இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. வண்டி ஓடும்போதும் வெயிலில் நிற்கும்போதும் நடுவிலுள்ள டேப் திறந்திருக்க வேண்டும். மூடினால் மெயின் டேங்க் முற்றிலும் அடைபட்ட பாத்திரமாகிவிடும்: ஓடும்போது பெட்ரோல் வராது, வெயிலில் நின்றால் உள்ளே அழுத்தம் ஏறும். மாறாக, மெயின் டேங்கின் மூடியைத் திறக்கும் முன் டேப்பை மூட வேண்டும். பெட்டியில் பெட்ரோல் மட்டம் மேலே இருந்தால், மூடியைத் திறந்ததும் பொங்கி எஞ்சின்மேல் கொட்டும். டேப்பின் அருகிலேயே இந்த இரண்டு வரியையும் எழுதி ஒட்டிவிடுவது புத்திசாலித்தனம்.

ஹோஸை எங்கே இணைப்பது என்பது வண்டியின் வகையைப் பொறுத்தது. கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் தானாக இறங்கி வருகிறது. மிதவையும் ஊசியும் தேவையான அளவில் நிறுத்திவிடும். அங்கே டேங்க் டேப்புக்குக் கீழே ஒரு டீ இணைப்புப் போட்டுப் பெட்டியைச் சேர்க்கலாம். ஆனால் இரண்டு டேப்பும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால், உயரத்திலுள்ளது தாழ்வானதில் பின்னோக்கிப் பாய்ந்து நிரப்பும். ஒரு நேரத்தில் ஒரு டேப் மட்டும் என்பதே சட்டம். பெட்டி மிக உயரத்தில் இருந்தால் அந்த அழுத்தத்தை ஊசி தாங்காமல் கார்புரேட்டர் ஓவர்ஃப்ளோ ஆகும்.

இன்றைய ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டிகளில் பெரும்பாலும் பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கிறது. அதிலிருந்து இன்ஜெக்டருக்குப் போகும் குழாயில் பொதுவாக 3 பார் அளவில் அழுத்தம் உண்டு. பெட்டியிலிருந்து தானாக இறங்கும் பெட்ரோலின் அழுத்தம் அதில் நூறில் ஒரு பங்குகூட வராது. எனவே அந்தக் குழாயில் டீ போட்டால் பெட்டியிலிருந்து ஒரு சொட்டும் வராது. பம்ப்தான் பெட்டிக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும். இவ்வகை வண்டியில் ஹோஸ் மெயின் டேங்குக்குள்தான் சேர வேண்டும். அதற்கு டேங்கைக் கழற்றிச் சுத்தமாகக் காயவைத்து, துளையிட்டு, இருபுறமும் வாஷர் வைத்து இறுக்கும் இணைப்பைப் பொருத்துவது முறை. ஏர் ஹோல் குழாயையே உள்வழியாகப் பயன்படுத்துவோரும் உண்டு. ஆனால் அந்தக் குழாய் பல வண்டிகளில் ஆவியைப் பிடிக்கும் கேனிஸ்டருக்குப் போகிறது. அதைக் கவனிக்காமல் இணைத்தால் கேனிஸ்டருக்குள் பெட்ரோலே புகுந்து அது பாழாகும்.

ஹோஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. மீன் தொட்டிக்கு வாங்கும் தெளிந்த பிளாஸ்டிக் குழாய் சில மாதங்களில் விறைத்து வெடிக்கும். சிலிகான் ஹோஸ் வெப்பம் தாங்கும், பெட்ரோலைத் தாங்காது. எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்றது என்று அச்சிட்ட ஹோஸே வேண்டும். இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்தே வருவதால் பழைய ரப்பரை நம்ப முடியாது. மரையில் வெள்ளை டெஃப்லான் டேப் சுற்றினால் அதன் நூல் பிரிந்து இன்ஜெக்டரில் போய் உட்காரும். பெட்ரோலைத் தாங்கும் பசைதான் சரி. ஹோஸ் நடுவில் மேலே வளைந்து மேடு கட்டக் கூடாது. அந்த மேட்டில் காற்று தங்கி ஏர் லாக் ஆகும். சைலன்சரிலிருந்து விலக்கிக் கொண்டுபோக வேண்டும். டேப், ஃபில்டர் இரண்டும் சீட்டைக் கழற்றாமல் கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

பெட்டியின் ஏர் ஹோல் குழாய்க்கும் அதே கவனம் வேண்டும். உச்சியிலிருந்து எடுத்து, வண்டி கவிழ்ந்தால் அடைத்துக்கொள்ளும் வால்வு ஒன்றை வைத்து, முனையைச் சக்கரத்துக்கும் சைலன்சருக்கும் எட்டாமல் கீழே விட வேண்டும். முனையில் சிறு வலை இருப்பது நல்லது. வண்டி சில வாரம் நின்றால் குளவி மண் வைத்து அடைத்துவிடும். அப்புறம் காரணம் தெரியாமல் பம்பை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோ அளவில் இருக்கும். 19 லிட்டர் என்றால் 14 கிலோ, பெட்டியின் எடை தனி. அது பின் சக்கரத்தின் அச்சுக்குப் பின்னால் போகப் போக முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆடும். பின்னால் உட்காருபவரின் இடத்திலேயே வைப்பது மேல். பெட்டியின் தாங்கியைச் சட்டகத்தில் பொருத்த வேண்டும், சாமான் ரேக்கில் அல்ல. போல்ட்டுக்கும் பெட்டிக்கும் இடையே ரப்பர் வாஷர் இல்லாவிட்டால் அதிர்வு வெல்டிங்கில் விரிசல் விடும். ரப்பர் வைத்தால் மின்தொடர்பு அறுபடும் என்பதால், பெட்டியிலிருந்து சட்டகத்துக்கு ஓர் எர்த் வயர் கட்டாயம். உள்ளே தடுப்புத் தகடு இருந்தால் பெட்ரோல் அலைமோதாது. விளிம்பு வரை நிரப்பவும் கூடாது: 40 லிட்டர் பெட்ரோல் 20 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய முக்கால் லிட்டர் விரியும். அதற்கான இடத்தைப் பெட்டியில்தான் விட வேண்டும்.

முடிந்ததும் நேராக நெடுஞ்சாலைக்குப் போகாமல், பெட்டியில் 2 லிட்டர் மட்டும் ஊற்றி ஓர் இரவு நிறுத்துங்கள். காலையில் ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த துணியால் துடைத்து முகர்ந்து பாருங்கள். பிறகு ஊருக்குள்ளேயே அந்த 2 லிட்டர் தீரும் வரை ஓட்டி, முள் எப்போது இறங்குகிறது என்று கவனியுங்கள்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ரூ.5,000 அபராதமோ 6 மாதம் வரை சிறையோ விதிக்க 2019 திருத்தம் வழி செய்தது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திலும் எழுத்தில் கேட்காமல் இதில் இறங்குவது, விபத்து நேரும் நாளில் பெருஞ்செலவாக முடியும்.

அனுமதி கிடைத்து, வேலையை ஒருவரிடம் கொடுக்கிறீர்கள் என்றால், எத்தனை லிட்டர், என்ன விலை என்று கேட்பதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: இரண்டு டேங்கும் நிறைந்திருக்கும்போது காற்று எங்கே உள்ளே வரும், சூட்டில் விரிந்த பெட்ரோல் எங்கே போகும்? அந்த இரண்டு இடத்தையும் அவர் விரல் வைத்துக் காட்டினால் வண்டியை விட்டுவிட்டு வரலாம். "அதெல்லாம் தானா வரும்" என்றால், வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.