மாதாவுக்கு வாடாத மாலை எது?

ஆகஸ்டு மாதக் கடைசி வந்துவிட்டால் நெடுஞ்சாலைகளில் அந்தக் காட்சியைக் காணலாம். திண்டிவனம் பக்கத்துக்காரர்களுக்கும் அது பழக்கமான காட்சிதான்.

காவி உடை உடுத்தியவர்கள் கூட்டம் கூட்டமாக நடந்து போவார்கள். ஆண்கள், பெண்கள், சிறுவர்கள் எல்லாரும் இருப்பார்கள். கையில் கொடி இருக்கும். "மரியே வாழ்க!" என்று முழங்குவார்கள்.

எங்கே போகிறார்கள்? வேளாங்கண்ணிக்கு!

அங்கே ஆகஸ்டு 29-ந் தேதி கொடி ஏறும். செப்டம்பர் 8-ந் தேதி மாதா பிறந்தநாள் திருவிழா. அந்தக் கோவிலுக்கு 1962-ம் ஆண்டில் போப்பாண்டவர் 23-ம் ஜான் "பசிலிக்கா" என்ற சிறப்பு நிலையைக் கொடுத்தார்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு, திண்டிவனத்துக்கு வடக்கே அச்சரப்பாக்கத்தில் மழை மலை மாதா இருக்கிறார். வறட்சிக் காலத்தில் மழை வேண்டி மக்கள் மன்றாடியதால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள்.

நடந்து போவது நல்லது. நேர்ச்சை செலுத்துவதும் நல்லது. ஆனால் ஊர் திரும்பிய மறுநாள் நாம் எப்படி இருக்கிறோம்? அதுதான் கேள்வி.

வணக்கம் வேறு, ஆராதனை வேறு

கத்தோலிக்கர்கள் மாதாவைக் கடவுளாக வழிபடுகிறார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஆராதனை கடவுளுக்கு மட்டுமே. மாதாவுக்குச் செலுத்துவது வணக்கம். "தாயே, எங்களுக்காக உன் மகனிடம் பேசு" என்று கேட்கிறார்கள்.

தாயை வணங்கினால் போதுமா? தாய் நடந்த வழியில் பிள்ளை நடக்க வேண்டாமா?

மாதா என்ன செய்தார்? பைபிளைப் பாருங்கள்.

எலிசபெத் அவருடைய உறவுக்காரப் பெண். வயதான காலத்தில் கருவுற்றிருந்தாள். மாதா அதைக் கேள்விப்பட்டார். தாமும் கருவுற்றிருந்த நிலையில் மலைநாட்டுக்கு விரைந்து போனார். சுமார் மூன்று மாதம் அங்கே தங்கினார்.

கானா ஊரில் ஒரு கல்யாணம். திராட்சை ரசம் தீர்ந்துவிட்டது. வீட்டுக்காரர் மானம் போகும் நேரம். அந்தக் குறையைக் கண்டு மகனிடம் சொன்னவர் மாதாதான்.

அடுத்த வீட்டுக் கஷ்டத்தைக் கேட்காமலே கண்டுகொள்வது! அதுதான் மாதாவின் குணம்.

புடவை கட்டிய மாதா

விருத்தாசலம் பக்கத்தில் கோணான்குப்பம் என்ற ஊர் இருக்கிறது. அங்கே இருப்பவர் பெரியநாயகி மாதா. புடவை கட்டி, கையில் குழந்தையோடு நிற்கிறார். அவருக்கு அந்தத் தமிழ்ப் பெயரைச் சூட்டியவர், இத்தாலியில் பிறந்து தமிழ்ப் புலவரான வீரமாமுனிவர் (1680–1747).

மாதா நம் வீட்டுப் பெண்ணைப் போல நிற்கிறார். அப்படியானால் நம் வீட்டுப் பெண்ணை நாம் எப்படி நடத்துகிறோம்?

ஒருவன் கோவிலில் கட்டுக் கட்டாக மெழுகுவத்தி ஏற்றுகிறான். வீட்டில் பெற்ற தாய்க்கு மருந்து வாங்க மறக்கிறான். இன்னொருவன் நேர்ச்சைக்காக மொட்டை போடுகிறான். இரவில் குடித்துவிட்டு மனைவியை அடிக்கிறான். இவர்கள் வணக்கத்தை மாதா ஏற்பாரா? நிச்சயமாக ஏற்கமாட்டார்!

நேரம் இல்லையா?

"நாள் முழுதும் மல்லாட்டைக் கொல்லையில் வேலை. செபம் சொல்ல நேரம் ஏது?" என்று கேட்பார்கள்.

நியாயமான கேள்விதான். ஆனால் மாதாவும் தச்சர் வீட்டுப் பெண்தான். உழைப்பின் களைப்பு அவருக்குத் தெரியும்.

செபமாலையில் "அருள் நிறைந்த மரியே" என்ற செபத்தை 53 முறை சொல்ல வேண்டும். அரைமணிக்குள் முடிந்துவிடும். அதற்கும் முடியாவிட்டால் பத்து மணி மட்டும் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும். டெலிவிஷனை நிறுத்திவிட்டு, குடும்பத்தோடு உட்கார்ந்து சொல்லுங்கள்.

காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் கோவில் மணி அடித்தால், கைவேலையை நிறுத்தி மாதாவை நினைப்பது நம் பெரியவர்கள் பழக்கம். அதை விட்டுவிடாதீர்கள்.

செபம் முடிந்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். "இன்று நம் தெருவில் யாருக்கு என்ன குறை?" என்று வீட்டில் பேசுங்கள். காய்ச்சலில் கிடக்கும் கிழவிக்கு ஒரு செம்பு கஞ்சி கொடுத்து அனுப்புங்கள். அவள் எந்த மதமானால் என்ன?

மல்லிகை மாலை மறுநாள் வாடிவிடும். அந்த ஒரு செம்பு கஞ்சிதான் மாதாவுக்கு வாடாத மாலை!