லண்டன் பூ கண்காட்சி போட்ட ரூல்... பொள்ளாச்சி தேங்காய் மட்டைக்கு என்ன சம்பந்தம்?

செல்சி மலர்க் கண்காட்சி. லண்டனில் ஆண்டுதோறும் மே மாதம் நடக்கும். இதை நடத்துவது 1804-ல் தொடங்கப்பட்ட ராயல் ஹார்ட்டிகல்ச்சரல் சொசைட்டி. இந்தத் தோட்டக்கலைச் சங்கம் இப்போது 'பீட்' மண்ணை ஓரங்கட்டி வருகிறது.

அது என்ன பீட்?

சதுப்பு நிலத்தில் பாசியும் செடிகளும் பாதி மக்கிப் படிந்து உருவாகும் மண். லேசாக இருக்கும், தண்ணீரையும் பிடித்து வைக்கும். அதனால் நர்சரிகளுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் ஆண்டுக்கு சுமார் 1 மில்லிமீட்டர்தான் சேரும். உலக நிலப்பரப்பில் சுமார் 3 சதவீதமே உள்ள இந்த நிலங்கள், எல்லாக் காடுகளையும் விட அதிகக் கார்பனை அடக்கி வைத்திருக்கின்றன. தோண்டினால் அது கரியமில வாயுவாக வெளியேறும்.

சங்கம் சொன்னால் கேட்பார்களா?

சட்ட அதிகாரம் எதுவும் கிடையாது. இங்கிலாந்தில் வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு பீட் விற்பதை 2024-க்குள் தடை செய்வோம் என்று அரசு 2022-ல் அறிவித்தது. கெடு முடிந்தும் சட்டம் வரவில்லை.

சங்கமோ 2019-லேயே பீட் மண் மூட்டை விற்பதை நிறுத்திவிட்டது. 2025 இறுதிக்குள் கடை, கண்காட்சி எல்லாவற்றிலும் பீட்டை விடுவது என இலக்கும் வைத்தது. செல்சியில் இடம் வேண்டுமா? நர்சரிகள் மாறித்தான் ஆகணும். ஆனாலும் சட்டம் இல்லாததால் சங்கமும் கொஞ்சம் இறங்கி வந்தது. பீட்டில் முளைத்து, பிறகு வேறு மண்ணில் வளர்ந்த செடிகளுக்கு 2028 வரை விலக்கு கொடுத்தது.

சரி, பொள்ளாச்சி எங்கே வருகிறது?

பீட்டுக்கு முக்கியமான மாற்று, தேங்காய் மட்டையில் நார் பிரிக்கும்போது உதிரும் துகள். ஒரு காலத்தில் மில் ஓரம் குவிந்து கிடந்த கழிவு. இன்று கட்டியாக அழுத்தப்பட்டு ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறுகிறது.

சிக்கல் எங்கே?

துகளில் இருக்கும் உப்பைப் போக்கப் பலமுறை கழுவ வேண்டும். அந்தத் தண்ணீர் நிலத்தில் இறங்கினால் கிணறு கெடும். இந்தக் கவலையால்தான், வெள்ளைப் பிரிவில் இருந்த நார் ஆலைகளை 2021-ல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆரஞ்சு பிரிவுக்கு மாற்றியது. கெடுபிடி கூடும், செலவு ஏறும் என ஆலை உரிமையாளர்கள் எதிர்த்தார்கள்.

இனி கவனிக்க வேண்டியது என்ன?

'பீட் இல்லை' என்ற ஸ்டிக்கர் அங்கே சதுப்பு நிலம் தப்பியதைச் சொல்லும். இங்கே கிணறு தப்பியதா என்று சொல்லாது. கழுவிய தண்ணீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தினால்தான் இரண்டு பக்கமும் லாபம். அதற்கான செலவை மூட்டை வாங்கும் நாடும் பகிர்ந்துகொள்ளுமா என்பதுதான் அடுத்த கேள்வி.